கேத வீட்டுக்கு மாலை கட்டப் பழகுவது: புதிதாகப் பூக்கடை வைத்தவர்களுக்கு

கடை போடும்போது கோயில் மாலை, கல்யாண மாலை, தலைக்கு வைக்கிற சரம் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுவோம். ஆனால் சின்ன ஊரில் கடை வைத்த முதல் மாதத்திலேயே யாராவது ஒருவர் காலை 6 மணிக்கு வந்து நிற்பார். கண் வீங்கியிருக்கும். "அண்ணே, அப்பா தவறிட்டாரு. ரெண்டு மாலை வேணும், பத்து மணிக்குள்ள" என்பார். அப்போது போய்க் கற்றுக்கொள்ள முடியாது. அதனால் கேத வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, மாலை கட்டுவதை முன்கூட்டியே எழுதி வைக்கிறேன்.

எங்களுக்கு நிலக்கோட்டை மார்க்கெட் பக்கம். புதிதாகக் கடை போட்டபோது அங்கே ஒருவர் எனக்குச் சொன்ன முதல் யோசனை, "கேதத்துக்குத்தானே, நேத்து மிஞ்சினதைப் போடு" என்பதுதான். நானும் அப்படித்தான் ஒரு தடவை செய்தேன். உள்ளே முந்தின நாள் சம்பங்கி, மேலே அன்றைக்கு வந்த பூ. கட்டி முடித்தபோது பார்க்க நன்றாகவே இருந்தது. மதியம் உதிரிப்பூ கொடுக்க அந்த வீட்டுக்குத் திரும்பப் போனால், ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடி மேல் மொட்டுகள் பழுத்து உதிர்ந்து கிடக்கின்றன, இறந்தவரின் மகள் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருக்கிறார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோயில் மாலையில் பூ சரியில்லை என்றால் மறுநாளே கடைக்கு வந்து கேட்பார்கள், கேத வீட்டில் இருந்து யாரும் வந்து கேட்க மாட்டார்கள். கேட்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் பழைய பூவைப் போடுகிறோம். அன்றைக்குப் பிறகு நான் போட்டதில்லை, நீங்களும் போடாதீர்கள். இந்தத் தொழிலில் நான் சொல்லக்கூடியது முக்கியமாக இது ஒன்றுதான், மற்றதெல்லாம் கை வேலை, பழகினால் வந்துவிடும்.

முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்

ஆர்டர் எடுக்கும்போது முதல் கேள்வி, "எப்போ எடுக்குறாங்க?" உடல் எடுக்கிற நேரம் தெரிந்தால்தான் மாலை எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும் என்பது தெரியும். வெளியூரில் இருந்து மகன் வரவேண்டும் என்றால் மறுநாள் வரை போகும், அப்போது காலையில் ஒரு மாலை, எடுக்கும்போது ஒரு மாலை என்று பிரித்துக் கொடுப்பது நல்லது. அடுத்தது, ஃப்ரீசர் பெட்டியா, வெளியே கிடத்தியிருக்கிறார்களா. பெட்டி என்றால் மாலை கண்ணாடி மேல் கிடக்கும், உடலில் போடுவது கடைசி நேரத்தில்தான்.

அப்புறம் வழக்கம். இதை நாமாக முடிவு செய்யவே கூடாது. சுமங்கலியாகப் போனவர் என்றால் தலைக்கு மல்லிகைச் சரம் கட்டாயம் கேட்பார்கள். கல்யாணம் ஆகாத பிள்ளை என்றால் கல்யாண மாலை மாதிரியே கட்டித் தரச் சொன்ன குடும்பங்கள் உண்டு. அப்படிக் கேட்டால் காரணம் கேட்காமல் கட்டிக் கொடுங்கள். நீர்மாலை எடுக்கிற, அதாவது இறந்தவரைக் குளிப்பாட்டக் குடத்தில் தண்ணீர் எடுத்து வருகிற வீடுகளில் அந்தக் குடத்துக்குத் தனியாகச் சின்ன மாலை கேட்கலாம். கிறிஸ்தவ வீடு என்றால் மலர் வளையம், சிலுவை, சவப்பெட்டிக்கு மேலே வைக்கும் பூ. முஸ்லிம் வீடுகளில் உடலைத் தூக்கிச் செல்லும் பெட்டியான சந்தூக்கின் மேல் பூச்சரம் போடுகிற இடமும் உண்டு, பூவே வேண்டாம் என்கிற இடமும் உண்டு, ஆர்டர் கொடுப்பவரிடமே தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

ஒரு வீட்டில் பத்துப் பேர் பேசுவார்கள். யாரோ ஒரு சித்தப்பாவோ மாமாவோ காசு பொறுப்பைப் பார்ப்பார், அவரிடம் மட்டும் பேசுங்கள். விலையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடையில் எப்போதும் இருக்க வேண்டியவை

சாவு சொல்லிவிட்டு வராது. பூ இல்லாவிட்டாலும் மற்ற சாமான் தயாராக இருக்க வேண்டும்: மாலை கட்டும் நூல், வாழைநார், நீளமான கோர்க்கும் ஊசி, ஈர்க்குச்சி ஒரு கட்டு, வைக்கோல், மூங்கில் பத்தை, கறுப்பு ரிப்பன், கத்தரி, சாக்கு நாலைந்து. வாழைநாரை அரை மணி நேரமாவது தண்ணீரில் ஊறப்போட்டால்தான் அறுந்துபோகாமல் வளையும்.

கோயிலுக்கும் கேதத்துக்கும் கூடை தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சாமிக்குப் பூ வாங்க வருகிறவர் பக்கத்தில் சாவு மாலை தொங்குவதைப் பார்த்தால் மனம் சங்கடப்படுவார். நான் கேத மாலைகளைக் கடையின் பின்பக்கம்தான் கட்டுகிறேன்.

பூ எடுப்பது

சம்பங்கி, செவ்வந்தி, ரோஜா, அரளி, மரிக்கொழுந்து. இந்த ஐந்தையும் கையாளத் தெரிந்தால் முக்கால்வாசி ஆர்டரைச் சமாளித்துவிடலாம். சம்பங்கி வாங்கும்போது ஒரு பிடி எடுத்துக் காம்புப் பக்கம் பாருங்கள். பச்சை கலந்த வெள்ளையாக, அழுத்தினால் விறைப்பாக இருந்தால் அன்றைக்குப் பறித்தது. நுனியில் பழுப்புக் கோடு ஓடியிருந்தால் வேண்டாம். கூடையின் மேலே நல்ல பூவாக இருக்கும், கையை அடிவரை விட்டு எடுத்துப் பாருங்கள், உள்ளே சூடாக இருந்தால் அவியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ரோஜா பாதி விரிந்ததாக எடுங்கள். முழுதாக விரிந்தது மாலையில் ஏறும்போதே இதழ் கொட்டிவிடும், அதை உதிரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

விலையில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். முகூர்த்தம் இல்லாத நாளில் கிலோ 40 ரூபாய்க்கு எடுத்த சம்பங்கியை, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் 200 ரூபாய்க்கும் மேல் கொடுத்து எடுத்திருக்கிறேன். அதனால் வருஷம் முழுக்க ஒரே விலை சொல்ல முடியாது. "இன்னைக்கு முகூர்த்தம், பூ விலை கூட" என்று உள்ளதைச் சொன்னால் கேத வீட்டில் யாரும் தகராறு செய்வதில்லை. நான் கூலியை மட்டும் ஒரே அளவில் வைத்திருக்கிறேன், பூ என்ன விலைக்கு வந்ததோ அது அப்படியே.

மாலை கட்டுவது

கல்யாண மாலை கட்டத் தெரிந்தவர்கள்கூடத் தடுமாறும் இடம் இது. நிற்கிறவர் கழுத்தில் போடும் மாலை நாலு பக்கமும் உருண்டையாக இருக்கும். படுத்திருப்பவர் மேல் அதை வைத்தால் உருண்டு ஒரு பக்கம் சரிந்துவிடும். அதனால் பின்பக்கம் தட்டையாக, மூன்று பக்கம் மட்டும் பூ வருகிற மாதிரி கட்ட வேண்டும்.

சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஓர் ஆணி அடித்து, இரட்டையாக முறுக்கிய நூலை அதில் கட்டுங்கள், அதுதான் நடுத்தண்டு. சம்பங்கி ஐந்தை விசிறி மாதிரி விரித்து, மொட்டு வெளியே பார்க்க, காம்பு தண்டின் மேல் படும்படி வையுங்கள். கட்டும் நூலால் இரண்டு சுற்று, ஓர் இழுப்பு. அடுத்த ஐந்தை முந்தின வரிசையின் காம்பு மறையும் அளவுக்கு, சுமார் அரை அங்குலம் தள்ளி வைத்து மறுபடியும் இரண்டு சுற்று. இழுப்புதான் முக்கியம். லேசாக விட்டால் பூ கழன்று விழும், இறுக்கினால் காம்பு நறுக்கி மொட்டு தனியாகப் போய்விடும். நூல் காம்பில் லேசாகப் பதிந்து நிற்க வேண்டும், அந்த அளவு விரலுக்குத் தெரிய பத்து மாலையாவது கட்ட வேண்டியிருக்கும். பத்து வரிசைக்கு ஒரு தடவை சிவப்பு ரோஜா ஒன்றோ, மரிக்கொழுந்துக் கொத்தோ கொடுத்துவந்தால் போதும், ரொம்ப வண்ணம் வேண்டாம்.

இப்படி மூன்றடியில் இரண்டு பக்கம். கீழே சேர்த்து ஒரு குஞ்சம். மொத்தம் ஒரு கிலோ சம்பங்கி பிடிக்கும். மேலே இரண்டு நுனியையும் முடிச்சுப் போடாமல் அரை முழம் நூல் விட்டுக் கொடுத்துவிடுங்கள். படுத்திருப்பவரின் தலையைத் தூக்கி மாலை போடுவது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நுனி திறந்திருந்தால் கழுத்தின் இரண்டு பக்கமும் அப்படியே வைத்து, பின்னால் நூலைச் செருகிவிடலாம்.

ஜிகினா, பிளாஸ்டிக் மணி, தெர்மாகோல் எதுவும் சேர்க்காதீர்கள். மாலை சிதைக்கோ குழிக்கோதான் போகிறது, எரிந்தால் நாறும், புதைத்தால் மட்காது. கொண்டுபோவதற்கும் பிளாஸ்டிக் பை வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது என்பது ஒரு பக்கம், பைக்குள் வைத்தால் பூ வெந்துபோகும் என்பது இன்னொரு பக்கம். ஈரச் சாக்கில் சுற்றி, மேலே லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். மாலையைத் தண்ணீரில் முக்கி எடுக்கிற பழக்கம் சிலரிடம் உண்டு, அது இரண்டு மணி நேரம் பளபளக்கும், அப்புறம் பழுத்துவிடும்.

மலர் வளையம்

கட்சிக்காரர்கள், சங்கங்கள், பள்ளிக்கூடம், கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் வளையம்தான் கேட்பார்கள். மூங்கில் பத்தையை இரண்டடி அகலத்துக்கு வட்டமாக வளைத்துக் கட்டுங்கள். மேலே வைக்கோலைக் கை மணிக்கட்டுப் பருமனுக்குச் சுற்றி, நூலால் நெருக்கமாக வரிந்துவிடுங்கள். வைக்கோல் தளர்ந்திருந்தால் ஈர்க்குச்சி நிற்காது, விரலால் அமுக்கிப் பாருங்கள், உள்ளே போகக் கூடாது. அதன் மேல் நெட்டிலிங்க இலையை ஒன்றின் மேல் ஒன்று படும்படி வைத்துச் சுற்றினால் வைக்கோல் மறைந்துவிடும்.

பிறகு செவ்வந்தி. ஈர்க்குச்சியை இரண்டு அங்குலமாக நறுக்கி, பூவின் நடுவில் மேலிருந்து குத்தி வைக்கோலில் இறக்க வேண்டும். நேராகக் குத்தாமல் கொஞ்சம் சாய்த்துக் குத்துங்கள், வளையத்தைத் தூக்கி நிறுத்தினாலும் பூ கழலாது. வெளி ஓரம் ஒரு வரிசை, உள் ஓரம் ஒரு வரிசை முதலில் முடித்துவிட்டு நடுவை நிரப்பினால் வட்டம் கோணாது. இரண்டடி வளையத்துக்கு ஒரு கிலோ செவ்வந்தி வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் கொஞ்சம் மிஞ்சும். முடித்ததும் வளையத்தைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு தடவை உலுக்குங்கள். விழுவது இங்கேயே விழட்டும்.

ரிப்பனில் எழுதும் பெயரை போனில் கேட்டு எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள், இனிஷியலோடு. எழுதிய பிறகு போட்டோ எடுத்து அனுப்பி, சரி என்று பதில் வந்த பின்பே ஒட்டுங்கள். இறந்தவரின் பெயரைத் தப்பாக எழுதினால் அதைத் திருத்த நேரமும் இருக்காது, சொல்ல வார்த்தையும் இருக்காது.

சிலுவையும் இதே முறைதான், வட்டத்துக்குப் பதில் இரண்டு பத்தை, வெள்ளைப் பூ. உங்கள் ஊரில் தேவாலயம் இருந்தால் நவம்பர் 2 கல்லறைத் திருநாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள், ஒரு வாரம் முன்பே ஆர்டர் வாங்கினால்தான் பூ கிடைக்கும். பழகுவதற்கும் அது நல்ல சமயம், அவசரம் இல்லாமல் கட்டலாம்.

உதிரிப்பூ

ஊர்வலத்தில் தூவுவதற்கு இதழாகவே ஆய்ந்து கொடுங்கள். காம்போடு முழுப் பூவையும், பிய்த்த மாலையையும் வளையத்தையும் ரோட்டில் வீசினால் பின்னால் வருகிற இரு சக்கர வண்டி வழுக்கும், வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு ஈர்க்குச்சி குத்தும். இதழைக் கழுவக் கூடாது, ஈரம் பட்டால் கையில் ஒட்டிக்கொள்ளும். துணிப் பையில் தளர்வாகப் போட்டுக் கொடுங்கள்.

கொண்டுபோய்க் கொடுக்கும்போது

சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் போய்விடுங்கள். வண்டியைத் தெருமுனையில் நிறுத்தி, மாலையை இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுபோங்கள், தோளில் போடக் கூடாது. காசை வீட்டுக்குள் எண்ண வேண்டாம், கிளம்பும்போது "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லவும் வேண்டாம், தலையசைத்துவிட்டு வந்துவிடலாம். பாக்கி இருந்தால் பதினாறாம் நாள் வரை கேட்காமல் இருப்பது என் வழக்கம். இதுவரை யாரும் ஏமாற்றியதில்லை.

அந்தப் பதினாறாம் நாளுக்குப் படத்துக்கு மாலை கேட்டு அதே வீட்டில் இருந்து வருவார்கள். அப்போது படத்தின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து வரச் சொல்லுங்கள். அகலம் ஒரு தடவை, உயரம் இரண்டு தடவை, மூன்றையும் கூட்டினால் வருகிற நீளம் சரியாக இருக்கும். மெல்லிசாகக் கட்டுங்கள். சட்டத்தின் ஓரத்தோடு மாலை இறங்க வேண்டும், முகத்தின் மேல் ஒரு பூகூட வரக் கூடாது.