ஒரே கதை, இரண்டு ஊர்: ஆங்கில ரீமேக் படங்களைப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் நாங்கள் இருபது பேர் கூடிப் படம் பார்க்கிறோம். வெள்ளையடித்த சுவர்தான் திரை. சேர்வராயன் மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கினால் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓட வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு வெளிநாட்டு மொழிப் படம், மூன்றாம் ஞாயிறு அதையே ஆங்கிலத்தில் எடுத்த ரீமேக் என்று வழக்கம் வைத்திருக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "கதை ஒன்றுதானே? ஏதாவது ஒன்றைப் பார்த்தால் போதாதா?"

போதாது என்பதே என் பதில். கதைச் சுருக்கம் ஒன்றாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு கதையும் தான் பிறந்த ஊரின் ஏதோ ஒரு வழக்கத்தின் மேலோ அச்சத்தின் மேலோ நிற்கிறது. ரீமேக் எடுக்கிறவர் அந்தத் தூணை உருவிவிட்டு, தன் ஊரிலிருந்து வேறொரு தூணைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருக்கிறது. எதை உருவினார், எதை நிறுத்தினார் என்று பார்க்கத் தெரியாமல் போவதுதான் நாம் செய்யும் தவறுகளுக்கெல்லாம் வேர். இதை விளக்கச் சில படங்களின் முடிவுகளைச் சொல்லியாக வேண்டும். முடிவு தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் படங்களைப் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

எது மூலம் என்று தெரிந்துகொள்ளாமலேயே பார்ப்பது பரவலான தவறு. அல் பசினோவுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த 'சென்ட் ஆஃப் எ உமன்' (1992) 1974இல் வந்த இத்தாலியப் படத்தின் ரீமேக். 'ட்ரூ லைஸ்' (1994) மூன்று ஆண்டு முந்திய ஒரு பிரெஞ்சு நகைச்சுவைப் படத்திலிருந்து வந்தது. 'சம் லைக் இட் ஹாட்' (1959) என்ற புகழ்பெற்ற நகைச்சுவைப் படத்துக்கும் 1935ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் படம் ஒன்று வேராக இருக்கிறது. ஆஸ்கர் மேடையிலேயே இந்தத் தவறு நடந்திருக்கிறது. 'தி டிபார்ட்டட்' (2006) தழுவல் திரைக்கதைக்கான விருதைப் பெற்றபோது, அதன் மூலத்தை ஜப்பானியப் படம் என்று அறிவித்தார்கள். மூலமான 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' (2002) ஹாங்காங் படம். பெயர்ப் பட்டியல் ஓடும்போது எழுந்துவிடாமல் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தால் பல படங்களின் பூர்வீகம் தெரிந்துவிடும்.

அந்த 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' படத்தையே எடுத்துக்கொள்வோம். போலீஸுக்குள் ஒரு கடத்தல் கும்பலின் ஆள், கும்பலுக்குள் ஒரு போலீஸ். படத்தின் சீனத் தலைப்பு பௌத்தம் சொல்லும் இடைவிடாத நரகத்தைக் குறிக்கிறது. அந்த நரகத்தில் மரணம் வந்து துன்பத்தை முடித்துவைக்காது. அதனால்தான் ஹாங்காங் படத்தின் முடிவில் நல்லவன் சாகிறான், துரோகி பிழைத்திருக்கிறான். பிழைத்திருப்பதுதான் அவனுக்குத் தண்டனை. 'தி டிபார்ட்டட்' எடுத்த மார்ட்டின் ஸ்கோர்செஸி கதையைப் பாஸ்டன் நகரத்து ஐரிஷ் கத்தோலிக்கர்களிடம் கொண்டுபோனார். அங்கே அந்த நரகம் இல்லை. துரோகி சுட்டுக் கொல்லப்படுகிறான், கணக்குத் தீர்ந்துவிடுகிறது. சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் கிடைத்தது. படம் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் "அதே கதை, இன்னும் விறுவிறுப்பாக" என்று அதைப் பாராட்டுகிறவர்கள் நரகம் காணாமல் போனதைக் கவனிக்கவில்லை என்றே சொல்வேன்.

முடிவை மாற்றினால் கடைசிப் பத்து நிமிடங்கள் மட்டும்தான் மாறுகின்றன என்று நினைப்பது இன்னொரு தவறு. ஜார்ஜ் ஸ்லூய்சர் 1988இல் எடுத்த டச்சுப் படத்தில், பெட்ரோல் நிலையம் ஒன்றில் ஒரு பெண் காணாமல் போகிறாள். காதலன் மூன்று ஆண்டுகள் தேடுகிறான். கடைசியில் கடத்தியவனே எதிரில் வந்து, அவளுக்கு என்ன நேர்ந்தது என்று தெரிய வேண்டுமானால் நீயும் அதையே அனுபவித்தாக வேண்டும் என்கிறான். காதலன் சம்மதிக்கிறான். தெரிந்துகொள்கிறான், அத்துடன் அவன் கதையும் முடிகிறது. 1993இல் அதே ஸ்லூய்சர் ஆங்கிலத்தில் எடுத்த 'தி வானிஷிங்' படத்தில், அவனுடைய புதிய காதலி வந்து அவனைக் காப்பாற்றிவிடுகிறாள். தெரிந்தே ஆக வேண்டும் என்ற வெறி ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதுதான் முதல் படம். காப்பாற்ற ஆள் வந்த கணத்தில் அந்தக் கேள்வியே தொடக்கக் காட்சி வரை பின்னோக்கிக் கரைந்துபோகிறது. இயக்குநர் ஒருவரே என்றால் படமும் ஒன்றுதான் என்று நம்புகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

சின்ன மாற்றங்களைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் இதே வகைத் தவறுதான். 1997ஆம் ஆண்டு நார்வே படமான 'இன்சோம்னியா'வில் ஒரு துப்பறியும் அதிகாரி தவறுதலாகத் தன் சக அதிகாரியைச் சுட்டுவிடுகிறார். அதை மறைக்க அவருக்கு வேறொரு துப்பாக்கியிலிருந்து சுட்ட குண்டு தேவைப்படுகிறது. உயிருள்ள ஒரு தெருநாயைச் சுட்டு அதை எடுக்கிறார். கிறிஸ்டோபர் நோலனின் 2002 ரீமேக்கில் அதே காட்சி உண்டு, ஆனால் நாய் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது. கதாநாயகனை நாம் வெறுத்துவிடக் கூடாது என்ற கவலை அந்த ஒரு மாற்றத்தில் தெரிகிறது. சூரியன் மறையாத வடக்கு நார்வேக்கு ஈடாக அலாஸ்காவைத் தேர்ந்தெடுத்த சாமர்த்தியத்தை எல்லோரும் பாராட்டினோம். நாயைப் பற்றி எங்கள் கூட்டத்தில் பேசியவர் ஒரே ஒருவர்.

ரீமேக் என்றாலே சோம்பேறித்தனம் என்றும், மூலம்தான் எப்போதும் உயர்ந்தது என்றும் முடிவு கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சேலத்துக்காரர்கள் இப்படிச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கும் அந்த நுழைவு வளைவுக்குள்ளே, டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. 1940இல் பி. யூ. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த 'உத்தம புத்திரன்' அங்கே உருவானதுதான். அதற்கு முந்திய ஆண்டு வந்த 'தி மேன் இன் தி அயர்ன் மாஸ்க்' என்ற அமெரிக்கப் படத்தின் தழுவல் அது. வேற்றூர்க் கதையை நம் ஊர்க் கதையாக்கும் வேலை எவ்வளவு கடினமானது என்பது இந்த ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூலத்தின் குறையை ரீமேக் திருத்துவதும் உண்டு. 2014இல் வந்த ஒரு பிரெஞ்சுப் படத்தில் காது கேளாத பெற்றோர் வேடங்களில் காது கேட்கும் நடிகர்களே நடித்தார்கள். அதன் ஆங்கில ரீமேக்கான 'கோடா' (2021) அந்தக் குடும்பத்தை மாசசூசெட்ஸ் கடற்கரை மீனவர்களாக்கி, அந்த வேடங்களைக் காது கேளாத நடிகர்களுக்கே கொடுத்தது. அப்பாவாக நடித்த டிராய் காட்சுருக்குத் துணை நடிகர் ஆஸ்கரும், படத்துக்குச் சிறந்த பட ஆஸ்கரும் கிடைத்தன. சைகை மொழியில் அவர் மகளிடம் பேசும் காட்சிகளைப் பார்த்த பிறகு, பிரெஞ்சுப் படத்துக்குத் திரும்ப எனக்கு மனம் வரவில்லை.

"திருட்டு" என்ற சொல்லையும் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். மேலே சொன்ன ஆங்கில ரீமேக்குகள் உரிமை வாங்கி எடுக்கப்பட்டவை. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் 'யோஜிம்போ'விலிருந்து அனுமதி பெறாமல் இத்தாலியர்கள் எடுத்த 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964) வழக்கு வரை போனது. கடைசியில் உலக வசூலில் 15 சதவீதத்தை ஜப்பானியருக்குக் கொடுத்துத்தான் சமரசமானது.

இப்போது எனக்கு மிகவும் நெருக்கமான இரண்டு படங்களுக்கு வருகிறேன். 'இகிரு' 1952இல் அகிரா குரோசவா எடுத்தது. அதன் ஆங்கில ரீமேக்கான 'லிவிங்' 2022இல் ஆலிவர் ஹெர்மானஸ் எடுத்தது. இதற்குத் திரைக்கதை எழுதியவர் கசுவோ இஷிகுரோ. நாகசாகியில் பிறந்து, ஐந்து வயதில் இங்கிலாந்துக்குப் போனவர். இரண்டிலும் ஒரு வயதான அரசு அதிகாரி. புற்றுநோயால் சில மாதங்களே மிச்சம். இத்தனை காலம் கோப்புகளை நகர்த்தியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்று உணர்ந்து, குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு மைதானத்தைக் கட்டி முடித்துவிட்டு இறக்கிறார். மனுவுடன் வந்த பெண்களை ஒவ்வொரு பிரிவாக அலையவிடும் காட்சியில் எங்கள் மாடியில் எழுந்த சிரிப்பு, மேசை மேசையாக நின்று பார்த்தவர்களின் சிரிப்பு.

'லிவிங்' முடிந்ததும் ஓர் இளைஞர், "அப்படியே எடுத்திருக்கிறார்கள், புதிதாக ஒன்றுமில்லை" என்றார். சம்பவங்களை மட்டும் எண்ணினால் அப்படித்தான் தோன்றும். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியம்மாதான் வித்தியாசத்தைப் பிடித்தார். எழுபதைக் கடந்தவர். ஆத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஆங்கில சப்டைட்டிலை அந்த வேகத்தில் அவரால் படிக்க இயலாது என்பதால், பக்கத்தில் உட்கார்ந்து நான் தமிழில் சொல்லிக்கொண்டே இருப்பேன். "கண்ணு, அந்தப் படத்தில் டாக்டர் பொய் சொன்னார். இதில் நேராகச் சொல்லிவிட்டாரே?" என்று கேட்டார்.

அதுதான் தூண். 'இகிரு'வில் மருத்துவர் லேசான வயிற்றுப் புண் என்று சொல்லி அனுப்புகிறார். புற்றுநோயை நோயாளியிடம் மறைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. காத்திருக்கும் இடத்தில் இன்னொரு நோயாளி, மருத்துவர்கள் எந்தெந்தப் பொய்யைச் சொல்வார்கள் என்று முன்கூட்டியே விவரித்துவிடுகிறார். அதே வார்த்தைகள் மருத்துவரின் வாயிலிருந்து வரும்போது, நடிகர் தகாஷி ஷிமுராவின் முகம் இடிந்துபோகிறது. தன் சாவைப் பற்றித் தன்னிடமே பொய் சொல்கிறார்கள் என்ற தனிமை அது. 1953ஆம் ஆண்டு லண்டனில் நடக்கும் ரீமேக்கில் அந்தப் பொய் இல்லை. 'லிவிங்' படத்து மருத்துவர் உண்மையைச் சொல்கிறார். நடிகர் பில் நை அதைக் கேட்டு, ஏதோ அலுவலகத் தகவல்போல மரியாதையாகத் தலையசைக்கிறார். மருத்துவரின் பொய் இருந்த இடத்தில் இஷிகுரோ ஆங்கிலேய நாகரிகத்தை வைத்திருக்கிறார். ஜப்பானியரிடம் பிறர் மறைக்கிறார்கள். ஆங்கிலேயர் தானே தன்னிடமிருந்து மறைத்துக்கொள்கிறார். ஒருவர் திரை முழுவதும் குமுறுகிறார், மற்றவர் கடைசி வரை குரலை உயர்த்துவதில்லை. இதில் எது பெரிய நடிப்பு என்ற சண்டை வேண்டாம். வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் அவரைத் தவிர எல்லோரிடமும் சொல்லும் வழக்கம் நம்மிடமும் இருந்தது. பெரியம்மாவுக்கு ஜப்பானியப் படம் நெருக்கமாக இருந்ததன் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இதனால்தான் சப்டைட்டில் தொல்லை என்று மூலப்படத்தின் ஆங்கில டப்பிங்கைத் தேடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஷிமுரா ஊஞ்சலில் உட்கார்ந்து பாடும் பாட்டு அவருடைய தேய்ந்த குரலில் இருக்கிறது. இன்னொருவர் குரலில் அது அவருடைய சாவாக இருக்காது. இரண்டு படங்களையும் ஒரே இரவில் பார்ப்பதும் வேண்டாம். நடுவில் இரண்டு வாரமாவது விட்டால் முதல் படத்தின் சம்பவங்கள் மங்கி, அதன் மனநிலை மட்டும் தங்கும். ஒப்பிட வேண்டியது அந்த மனநிலையைத்தான்.

கடைசியாக நாங்கள் பார்த்த ஜோடி, குரோசவாவின் 'செவன் சாமுராய்' (1954), ஜான் ஸ்டர்ஜஸின் 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' (1960). கொள்ளையரிடமிருந்து தங்களைக் காக்க ஒரு கிராமத்து விவசாயிகள் ஏழு வீரர்களைக் கூப்பிடும் கதை. மூலத்தில் அவர்கள் சாமுராய் என்ற போர்வீரக் குலத்தவர், ரீமேக்கில் துப்பாக்கி வீரர்கள். முதலாவது 207 நிமிடம், இரண்டாவது 128 நிமிடம். ரீமேக் "தேவையில்லாததை வெட்டிவிட்டது" என்று பலர் எழுதுகிறார்கள். வெட்டப்பட்டதில் பெரும்பகுதி விவசாயிக்கும் சாமுராய்க்கும் இடையே இருந்த பிறப்பின் சுவர். காவலுக்குத் தாங்களே கூப்பிட்ட சாமுராய்களுக்குப் பயந்து, ஒரு விவசாயி தன் மகளின் கூந்தலை வெட்டி ஆண்பிள்ளை வேடம் போடுகிறான். விவசாயியின் மகன் ஒருவன் சாமுராய் என்று பொய் சொல்லிக்கொண்டு திரிகிறான். துப்பாக்கி வீரர்களின் கதையில் இந்தச் சுவருக்கு இடமில்லை. துப்பாக்கி பிடிப்பது ஒரு தொழில். பிடித்தவன் விட்டுவிடவும் முடியும்.

அமெரிக்கப் படத்தின் கடைசியில் இளம் வீரன் அப்படித்தான் விட்டுவிடுகிறான். துப்பாக்கிப் பட்டையைக் கழற்றிவைத்துவிட்டு, தான் விரும்பிய கிராமத்துப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து மக்காச்சோளம் உதிர்க்கத் தொடங்குகிறான். ஜப்பானியப் படத்தில் அந்தப் பெண் நாற்றுக்கட்டோடு வருகிறாள், இளம் சாமுராயைப் பார்த்து ஒரு கணம் நிற்கிறாள், பிறகு அவனைக் கடந்து வயலுக்குள் இறங்கி நடவுப் பாட்டில் சேர்ந்துகொள்கிறாள். அவன் வரப்பிலேயே நிற்கிறான்.

மாடியில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பெரியம்மா சொன்னார்: "இங்கே சேர்த்துவைத்துவிட்டார்கள், கண்ணு. அங்கே சேர விடவில்லை." பிறகு, அந்த நடவுக் காட்சியை மட்டும் இன்னொரு முறை போட முடியுமா என்று கேட்டார். போட்டோம்.