சீலண்ட் குளிரில் எப்படி இழுபடுகிறது? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்

நுவரெலியாவில் எங்கள் வீட்டு அலுமினிய ஜன்னலுக்கும் சுவருக்கும் இடையே அடைத்த சீலண்ட் தை மாதக் குளிரில் விளிம்போடு விட்டது. வைகாசி மழையில் தண்ணீர் உள்ளே வந்தது. திரும்ப அடைத்தும் அதே இடம் விட்டபோதுதான் சோதித்துப் பார்க்க உட்கார்ந்தேன்.

குளிரில் சட்டம் சுருங்கி இடைவெளி விரியும். சீலண்ட் விறைப்பதும் அதே நேரத்தில்தான். அலுமினியம் மீற்றருக்கு, ஒரு பாகைக்கு 0.023 மி.மீ. மாறும், கொங்கிரீட் அதில் ஏறக்குறைய பாதி. 3 மீற்றர் சட்டம் வெயிலில் 45 பாகைக்கு ஏறி, விடியலில் 5 பாகைக்கு இறங்கினால் 2.8 மி.மீ. சுருங்கும். ஒரு முனை அசையாமல் இருந்தால், மறுமுனையின் 6 மி.மீ. இடைவெளி கிட்டத்தட்டப் பாதியளவு விரியும். இடைவெளியின் அகலத்தில் 25 வீத அசைவை மட்டும் தாங்கும் சீலண்டுக்கு அது முடியாது.

சரி, மாதிரி செய்வோம். கம்பிக் கொக்கி பதித்த இரண்டு சீமெந்துக் கட்டிகள். நடுவே 12 மி.மீ. அகலம், 12 மி.மீ. ஆழம், 50 மி.மீ. நீளத்துக்குச் சீலண்ட். சீலண்டை இழுத்துச் சோதிப்பதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8339இன் அளவு இதுதான். ஒவ்வொரு வகையிலும் மூன்று மாதிரி வேண்டும்.

நான் மாட்டிக்கொண்டது கட்டியைக் காயவைப்பதில். மூடுபனி நாளில் வெளியே கிடந்த கட்டிகள் தொட்டால் காய்ந்தவை போலத்தான் இருந்தன. சீலண்ட் அடித்து, 28 நாள் விட்டு இழுத்தால் எல்லாமே சுத்தமாகக் கழன்று வந்தன, அறையில் வைத்த மாதிரி உட்பட! குளிரைக் குற்றம் சொல்ல வழியே இல்லை, உள்ளே ஈரம். இப்போது கட்டியைச் சமையலறைத் தராசில் தினமும் நிறுக்கிறேன். எடை இறங்குவது நின்ற பிறகே சீலண்ட். அடுப்புக்கு மேல் வைத்துக் காயவைக்காதீர்கள். புகையின் எண்ணெய்ப்பசை படிந்தால் ஒட்டாது.

சீலண்ட் இறுகியதும் ஒரு மாதிரி அறையில், ஒன்று பிரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒன்று பிரீசரில், ஒரு நாள் முழுக்க. நம் உறைபனி இரவுகள் பூச்சியத்தை ஒட்டியே நிற்பவை. பிரீசரின் மறை 18 பாகை அதைவிடக் கடுமை, ஆனால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எடுத்த உடனே ஒரு கொக்கியை விட்டத்தில் மாட்டி, மற்றதில் வாளியைத் தொங்கவிட்டு, மெல்ல ஒரே வேகத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். வேகமாக இழுத்தால் சீலண்ட் உள்ளதைவிட விறைப்பாகக் காட்டும். இடைவெளி 15 மி.மீ. ஆனதும், அதாவது 12 மி.மீ. 25 வீதம் நீண்டதும், நிறுத்தி, வாளியோடு எடையைக் குறியுங்கள். கிலோவை 9.8ஆல் பெருக்கி, ஒட்டிய பரப்பான 600ஆல் (12 × 50) வகுத்தால், சதுர மி.மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று கிடைக்கும்.

அப்புறம் அறும்வரை ஊற்றி, அறுந்த முகத்தைப் பாருங்கள். கட்டியில் ஒன்றும் மிஞ்சாவிட்டால் ஒட்டுதல் தோற்றது. இரு பக்கமும் சீலண்ட் நின்று நடுவே கிழிந்தால் பொருளே தோற்றது.

என் தேர்வு, இறுகும்போது அமிலம் விடாத நியூட்ரல் சிலிக்கன்தான். பிரீசரில் வைத்த பிறகும் அதை 15 மி.மீ.க்கு இழுக்கத் தேவையான எடை அதிகம் ஏறவில்லை. அக்ரிலிக் விறைத்துப்போனது. வினிகர் மணக்கும் சிலிக்கனைச் சீமெந்தில் தொடவே வேண்டாம், அதன் அமிலம் சீமெந்தின் காரத்தோடு வினைபுரிந்து ஒட்டுதலைக் கெடுக்கும்.

பின்னர் சேர்த்தது: ஹட்டனிலிருந்து ஒருவர், தன் மாதிரிகள் எல்லாம் அடிமூலையிலிருந்தே கிழிவதாக எழுதியிருந்தார். வெறும் பலகைமேல் வைத்து அடித்திருக்கிறார். சீலண்ட் பலகையிலும் ஒட்டி, மூன்று பக்கமும் பிடித்துக்கொண்டதால் நீள இடமில்லை. அடியில் பொலித்தீன் விரியுங்கள். ஜன்னலில் அந்த வேலையைச் செய்வது, அடைக்குமுன் உள்ளே திணிக்கும் உருண்டை நுரைக்கயிறு.