விவாகரத்தின்போது கணவரின் சேமலாப நிதியைக் கணக்கில் கொண்டுவருவது எப்படி?

தோட்டத் தொழிலாளிக்கு அரச ஊழியரைப் போல மாதாந்த ஓய்வூதியம் இல்லை. முதுமைக்கென அவர் கையில் இருப்பவை ஈ.பி.எஃப் எனப்படும் ஊழியர் சேமலாப நிதி, ஈ.டி.எஃப் எனப்படும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, வேலையை விட்டு விலகும்போது கிடைக்கும் சேவைக்காலப் பணம் ஆகியவையே. விவாகரத்தானதும் இவற்றில் பாதி தமக்கு வந்து சேரும் என்று நம்புகிற பெண்கள் உண்டு. இலங்கைச் சட்டத்தில் அப்படித் தானாகப் பிரியும் பங்கு கிடையாது. வழக்கு நடக்கும்போதே நீங்கள் கேட்டாக வேண்டும்.

முதலில், எவ்வளவு பணம் சேர்ந்திருக்கும் என்று கணித்துக்கொள்ளுங்கள். ஈ.பி.எஃப்பிற்குத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் நிர்வாகத்திடமிருந்து 12 சதவீதமும், ஈ.டி.எஃப்பிற்கு நிர்வாகத்திடமிருந்து மட்டும் 3 சதவீதமும் செல்கின்றன. நாட்சம்பளக்காரர் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் வேலை செய்திருந்தால், ஆண்டுக்கு 14 நாட் சம்பளம் என்ற கணக்கில் சேவைக்காலப் பணம் பெறுவார். 30 ஆண்டுச் சேவைக்கு அது 420 நாட் சம்பளம். கணவரின் பழைய சம்பளத் துண்டு வீட்டில் கிடந்தால் பத்திரப்படுத்துங்கள், அதிலுள்ள அங்கத்துவ இலக்கம் பின்னர் தேவைப்படும். ஆண்கள் 55 வயதில் ஈ.பி.எஃப் பணத்தை எடுத்துவிடலாம் என்பதால், அந்த வயதை நெருங்கியவர்மீதான வழக்கில் தாமதிப்பது நல்லதல்ல. எடுத்த பணம் எங்கே போனது என்று பிறகு தேடுவது வீண் அலைச்சல்.

அடுத்தது மாவட்ட நீதிமன்றம். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவின்படி, விவாகரத்துத் தீர்ப்பளிக்கும்போது ஒரு மொத்தத் தொகையையோ மாதாந்த, வருடாந்தக் கொடுப்பனவையோ செலுத்துமாறு நீதிபதி கட்டளையிடலாம். இந்தக் கோரிக்கையை வழக்கின் ஆவணத்திலேயே எழுதும்படியும், கணவரின் கணக்கு விவரங்களைத் தோட்ட நிர்வாகத்திடமிருந்தும் தொழில் திணைக்களத்திடமிருந்தும் தருவிக்க நீதிமன்றத்தைக் கேட்கும்படியும் சட்டத்தரணியிடம் தெளிவாகச் சொல்லுங்கள். வழக்கு முடியும்வரை இடைக்காலத் தாபரிப்பும், அதாவது வாழ்க்கைச் செலவுக்கான பணமும், கேட்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். விவாகரத்து ஏற்கெனவே முடிந்து, மாதாந்தக் கொடுப்பனவுக்குக் கட்டளை இருந்தால், நிலைமை மாறும்போது அதே நீதிமன்றத்தில் தொகையைக் கூட்டித் தரும்படி விண்ணப்பிக்க இடமுண்டு.

பிள்ளைகளின் செலவு தனி விடயம். அதற்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ், நீங்கள் வசிக்கும் பகுதியின் நீதவான் நீதிமன்றத்திற்குச் செல்லலாம். கட்டளையிட்ட பணத்தைக் கணவர் கட்டாவிட்டால், அவருடைய சம்பளத்தில் கழித்துத் தருமாறு நிர்வாகத்துக்கு உத்தரவிடச் செய்யலாம்.

நமது தோட்டப் பகுதிகளில் பலரைத் திருப்பியனுப்புவது சட்டத்தைவிடப் பெயர்தான். தோட்டத்தின் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் லெட்சுமி, அடையாள அட்டையில் முத்துலட்சுமி, திருமணச் சான்றிதழில் இன்னொன்று என்றிருந்தால், வழக்கிடுவதற்கு முன்பே கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் திருத்த வழி கேளுங்கள். நீங்களும் தோட்டத்தில் வேலை செய்பவரென்றால், உங்கள் ஈ.பி.எஃப்பிற்குப் பின்னுரித்தாளியாக, அதாவது உங்களுக்குப் பின் பணத்தைப் பெறுபவராக, முன்னாள் கணவரின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று விவாகரத்தான அதே வாரத்தில் பார்த்து, புதிய பெயரைக் கொடுத்துவிடுங்கள்.