நூலகவியல் மாணவர்களுக்கு: ஓப்பன்ரிஃபைனில் ஆசிரியர் பெயர்களைச் சீராக்க

புதிய கருவி எதையும் மாதிரிக் கோப்பில் பழகாதீர்கள். பிழையுள்ள நிஜப் பட்டியலில் பழகுங்கள். நூறு நூல்களின் பட்டியல் போதும். ஓப்பன்ரிஃபைன், பட்டியல்களில் உள்ள பிழைகளைத் திருத்திச் சீராக்கும் இலவச மென்பொருள். உலாவியில் 127.0.0.1:3333 முகவரியில் திறந்தாலும், தரவு உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. மூலக் கோப்பும் மாறாது.

சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) ஏற்றும்போது முன்னோட்டத்தில் தமிழ் குப்பையாகத் தெரிந்தால், எழுத்துக் குறியாக்கப் பெட்டியில் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். இதைக் கவனிக்காமல் மேலே போனால் அடுத்த வேலை அத்தனையும் வீண்.

முதலில் எடிட் செல்ஸ், காமன் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் வழியாக முன்பின் வெற்றிடங்களை நீக்குங்கள். பிறகு ஆசிரியர் நெடுவரிசையில் டெக்ஸ்ட் ஃபேசட் (பெயர்களைப் பட்டியலிடும்), அதில் கிளஸ்டர் (ஒத்த பெயர்களைக் குழுவாக்கும்) தேர்ந்தெடுங்கள். இயல்பாக வரும் ஃபிங்கர்பிரிண்ட் முறை சொல் வரிசை, நிறுத்தக்குறி, ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்து போன்றவற்றைப் பொருட்படுத்தாமல் ஒப்பிடும். ‘பாரதியார், சுப்பிரமணிய’, ‘சுப்பிரமணிய பாரதியார்’ இரண்டும் சேரும். ‘சுப்ரமணிய பாரதியார்’ சேராது. அதற்கு, எத்தனை எழுத்து மாறுகிறது என்று எண்ணி ஒப்பிடும் நியரஸ்ட் நெய்பர், லெவன்ஷ்டைன் முறைக்கு மாறி, ரேடியஸை (அனுமதிக்கும் வேறுபாட்டின் அளவு) 2 ஆக்குங்கள். 1 போதாது: ‘பி’ நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, யூனிகோடில் மெய்யின் உருவும் உயிர்க்குறியுமாக இரண்டு.

ரேடியஸ் கூடக்கூட வேறு வேறு ஆட்களும் ஒன்றாகிவிடுவார்கள். முதலெழுத்து மட்டும் மாறும் பெயர்களில் இது அடிக்கடி நடக்கும். ஆகவே அனைத்தையும் ஒரே சொடுக்கில் இணைக்காமல், ஒவ்வொரு குழுவையும் நூல் தலைப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். தவறினால் அன்டூ/ரீடூ தாவலில் எந்தப் படிக்கும் திரும்பலாம். அங்குள்ள எக்ஸ்ட்ராக்ட் மூலம் செய்த படிகளைச் சேமித்து அடுத்த கோப்பிலும் பயன்படுத்தலாம்.