பிள்ளையின் கை கால் தானாக ஆடினால்: வீட்டில் எதைப் பார்ப்பது?

நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளைக்கு இரண்டு மூன்று வாரத்தில் கையெழுத்து கோணுகிறது. டம்ளர் நழுவுகிறது, சோறு சிந்துகிறது, ஒன்றுமில்லாததற்கு அழுகை வருகிறது. திட்டாதீர்கள். இது கை கால் தானாக ஆடும் சிடன்ஹாம் கொரியா என்ற நோயாக இருக்கலாம்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப்புண் வந்து ஆறி, சில வாரமோ சில மாதமோ கழித்து வரும் வாதக் காய்ச்சலின் ஒரு முகம் இது. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள், பெண் பிள்ளைகளுக்குச் சற்று அதிகம். கிருமியை அழிக்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள், மூளையில் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் இடத்தையும் தாக்கிவிடுகிறது.

இதை டிக் எனப்படும் பழக்க அசைவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். டிக் என்றால் கண் சிமிட்டல், தோள் குலுக்கல் என்று அதே அசைவே திரும்பத் திரும்ப வரும். கொஞ்ச நேரம் அடக்கவும் முடியும். கொரியாவில் அடுத்து எது ஆடும் என்று சொல்ல முடியாது, அடக்கவும் வராது. தூங்கினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

நாக்கை நீட்டி 20 விநாடி வைத்திருக்கச் சொல்லுங்கள். கொரியா இருந்தால் சட்டென உள்ளே போய்விடும். உங்கள் இரு விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னால், பால் கறப்பதுபோல் பிடி இறுகித் தளரும். இரண்டையும், சும்மா உட்கார்ந்திருப்பதையும், நல்ல வெளிச்சத்தில் முழு உடலும் தெரிய மொபைலில் வீடியோ எடுங்கள். டாக்டர் முன்னால் ஆட்டம் குறைந்து தெரியலாம். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கப் போன மாதப் பள்ளி நோட்டையும், கொடுத்துவரும் எல்லா மருந்துகளின் அட்டையையும் கொண்டுபோங்கள். சில வாந்தி மருந்துகளாலும் கழுத்தோ கண்ணோ ஒருபக்கம் இழுத்துக்கொள்ளும்.

வாதக் காய்ச்சல் இதயத்தையும் தாக்கும் என்பதால், எக்கோ எனும் இதய ஸ்கேன் கட்டாயம் வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பில் ஒன்றும் கேட்காவிட்டாலும் இதய வால்வு பாதித்திருக்கலாம். தொற்று வந்து நாளாகிவிடுவதால், அந்தக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளை ரத்தத்தில் பார்க்கும் ஏஎஸ்ஓ சோதனை சரியாக வந்ததை வைத்து நோயில்லை என்றும் முடிவுகட்டக் கூடாது.

ஆட்டம் பெரும்பாலும் சில மாதங்களில் அடங்கும். சறுக்குவது அதற்குப் பிறகுதான். வலிக்கிறது, பிள்ளைதான் நன்றாக இருக்கிறதே என்று, நோய் திரும்பாமலிருக்கப் போடும் பென்சிலின் ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த தொண்டைப்புண்ணில் நோய் திரும்பலாம், வால்வு கெடலாம். பென்சத்தீன் பென்சிலின் என்ற இந்த ஊசி 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை. வழக்கமான அளவு 27 கிலோவுக்குக் கீழ் 6 லட்சம் யூனிட், அதற்கு மேல் 12 லட்சம். இதயம் தப்பியிருந்தாலும் குறைந்தது 5 ஆண்டு, பாதித்திருந்தால் 10 ஆண்டோ அதற்கு மேலோ. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், வேறு மருந்து உண்டு.

வீட்டில் மூடி போட்ட டம்ளர், தரையில் மெத்தை. பள்ளியில் தேர்வுக்குக் கூடுதல் நேரம் கேளுங்கள். மூச்சு வாங்கினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ, நினைவு மங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.