பாக்கெட் ரேடியோவில் தூரத்து மீடியம் வேவ் பிடிப்பது எப்படி

ஏஎம்மில், அதாவது மீடியம் வேவில், இப்போதெல்லாம் ஒன்றும் வருவதில்லை, வெறும் கரகரதான் என்பவர்களுக்கு ஒரு சின்ன வேலை. அடுத்த முறை ராத்திரி கரண்ட் போகும்போது விசிறியைத் தேடாமல் ரேடியோவைத் தேடுங்கள். தெரு முழுக்க இருண்ட அந்தப் பத்து நிமிஷத்தில், வழக்கமாக உர்ரென்று கிடக்கும் டயலில் மலையாளம், கன்னடம், தெலுங்கு, வங்காளி என்று வரிசையாக ஆட்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் தினமும்தான் பேசுகிறார்கள், நம் வீட்டுச் சாமான்கள்தான் கேட்க விடுவதில்லை.

அதனால் ரேடியோ வாங்குவதற்கு முன்னால் வீட்டைக் கவனியுங்கள். கையில் இருக்கும் எந்த ஓட்டை ரேடியோவையும் டயலில் 600 கிலோஹெர்ட்ஸ் பக்கம் நிலையமில்லாத இடத்தில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, ஒவ்வொரு பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் பக்கமாக எடுத்துப் போங்கள், இரைச்சல் எங்கே கூடுகிறது என்று கேளுங்கள். விலை குறைந்த எல்இடி பல்பு, ஃபேன் ரெகுலேட்டர், செல்போன் சார்ஜர் மூன்றும் பெரும்பாலும் மாட்டும். எங்கள் வீட்டில் மாட்டியது கூடத்தில் சாமி படத்துக்கு மேலே தொங்கும் சீரியல் லைட்டு, அதை அணைக்கச் சொல்லி அம்மாவிடம் வாங்கிய பேச்சு தனிக் கதை. அணைக்க முடியாததை விட்டு விலகிப் போங்கள், அதுவே போதும். கம்பி கட்டிய கான்கிரீட் வீட்டுக்குள் சிக்னலும் பாதி செத்துவிடும், ஆகவே மொட்டை மாடியோ கொல்லைப்புறமோதான் இடம். ரேடியோவை யுஎஸ்பி வயரில் ஓட்டவே கூடாது, பென்சில் செல் போட்டு ஓட்டுங்கள். செல்போன் இன்னொரு சட்டைப் பையில் இருக்கட்டும், அல்லது கீழேயே இருக்கட்டும்.

சரி, எந்த ரேடியோ? பாட்டுப் பெட்டி மாதிரி பென் டிரைவ், புளூடூத், டார்ச் எல்லாம் சேர்த்து விற்பதில் ஏஎம் என்பது அநேகமாகப் பெயருக்குத்தான். உள்ளே இருக்கும் ஃபெரைட் ராட் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அந்தக் கறுப்புக் குச்சிதான் மீடியம் வேவுக்கு ஆன்டெனா, வெளியே இழுத்துவிடும் குழாய் எஃப்எம்முக்கானது (சில செட்டில் ஷார்ட் வேவுக்கும்), அதை எவ்வளவு நீட்டினாலும் இங்கே பயனில்லை. இந்தப் பொழுதுபோக்கில் உலகம் முழுக்கப் பேர்போன குட்டி ரேடியோ சோனியின் எஸ்ஆர்எஃப்-59, ஒரே ஒரு பென்சில் செல்லில் ஓடும், முள் டயல், இயர்போனில்தான் கேட்க வேண்டும். இன்றைக்கு வாங்குவதென்றால் டெக்சன் பிஎல்-310இடி மாதிரி டிஎஸ்பி சிப் (சிக்னலை எண்களாக்கி அலசும் சில்லு) வைத்த ஒன்றைப் பார்க்கலாம். அதில் சிக்னல் எவ்வளவு, இரைச்சலை மிஞ்சி எவ்வளவு நிற்கிறது என்று இரண்டு எண் திரையில் ஓடும், பேண்ட்விட்த்தை, அதாவது டயலில் எவ்வளவு அகலத்துக்குக் காது கொடுப்பது என்பதை, 1 முதல் 6 கிலோஹெர்ட்ஸ் வரை மாற்றலாம். முள் டயலின் சுகம் வேறு, ஆனால் புதிதாக வருகிறவருக்கு எண் தெரிவது பெரிய உதவி.

டிஜிட்டல் செட் வாங்கியதும் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நம் பக்கத்தில் மீடியம் வேவ் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் உட்கார்ந்திருக்கின்றன, அமெரிக்கக் கண்டங்களில் 10. செட் 10 கிலோஹெர்ட்ஸாகத் தாவும்படி இருந்தால் சென்னை 720 சுத்தமாக வரும், ஏனென்றால் 720 இரண்டு கணக்கிலும் சரியாக விழுகிறது. அதை வைத்து ரேடியோ ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் மூக்கடைத்த குரலில் வருவதற்கு வானிலையைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். 9-க்கு மாற்றுங்கள். சோதித்துப் பார்க்க எளிய வழி, அலைவரிசை எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 9, 18 அல்லது (999-க்கு மட்டும்) 27 வர வேண்டும். 684, 882, 1053 எல்லாம் தேறும். 690 என்று திரையில் தெரிந்தால் தப்பு.

ராத்திரிதான் ஏன்? பகலில் சூரிய வெளிச்சம் மேலே 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் டி அடுக்கு என்று ஒன்றை உண்டாக்கி வைக்கிறது, மேலே போகும் மீடியம் வேவை அது விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகும், அலை அதற்கும் மேலே போய்ப் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தாண்டி இறங்கும். பகலில் கிடைப்பது தரையை ஒட்டி ஊர்ந்து வருவது மட்டும். ஆனால் அந்த ஊர்ந்து வருவதற்கு உப்புத் தண்ணீர் என்றால் கொண்டாட்டம், காய்ந்த நிலத்தில் திணறும் அலை கடல்மேல் வெகுதூரம் ஓடும். அதனால்தான் நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையில் நிற்கிறவருக்குப் பட்டப்பகலிலும் வேட்டை உண்டு. இலங்கையில் புத்தளத்திலிருந்து 882-இல் ஒலிபரப்பும் 400 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் வேதாரண்யத்திலிருந்து ஏறக்குறைய 260 கிலோமீட்டர்தான், நடுவில் பெரும்பாலும் தண்ணீர். அது நாள் முழுக்க ஓடாது, காலையும் மாலையும் பாருங்கள்.

இனி, திருப்புவது. சிலோன் கேட்ட தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, தாத்தா அந்தப் பெட்டியை ஜன்னலோரம் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பாட்டைத் தெளிய வைத்தது இதே வித்தைதான். ஃபெரைட் ராட் பக்கவாட்டில் வருவதை நன்றாக வாங்கும், அதன் இரண்டு முனைகளும் காட்டும் திசையிலிருந்து வருவதை அமுக்கிவிடும். பெரும்பாலான செட்டில் ராட் மேல்புறத்தில் நீளவாக்கில் கிடக்கும், எனவே ரேடியோவின் முகத்தை நிலையத்தின் பக்கம் காட்டினால் ஒலி கூடும். புதிதாக வருகிறவர்கள் ஒலி கூடும் திசையையே தேடுகிறார்கள். நான் அமுங்கும் திசையைத்தான் முதலில் தேடுவேன், ஏனென்றால் கூடும் திசை அகலமானது, அமுங்கும் திசை ஊசி முனை, அதை வைத்து வேண்டாத நிலையத்தை வெட்டி எறியலாம்.

பழக ஒரு நல்ல இடம் சொல்கிறேன். எங்கள் நாகைப் பக்கம் திருச்சி 936 நூறு கிலோவாட்டில் கணீரென்று அடிக்கும், ஒட்டினாற்போல் 927-இல் விசாகப்பட்டினம். ராத்திரி 927-க்குப் போனால் தெலுங்குக்கு மேலே திருச்சிதான் வழிந்துகொண்டிருக்கும். ரேடியோவை ஒரு மர முக்காலியில் வையுங்கள் (எவர்சில்வர் தட்டு, இரும்பு மேசை வேண்டாம்), பேண்ட்விட்த்தை 2-க்கோ 3-க்கோ இறக்குங்கள். ராட் கிழக்கு மேற்காகக் கிடக்கும்படி மெல்ல, கடிகார முள் நகர்கிற வேகத்தில் திருப்புங்கள். நாகையிலிருந்து திருச்சி நேர் மேற்கு, விசாகப்பட்டினம் வடக்கே சற்றுக் கிழக்காக. ஓர் இடத்தில் திருச்சி சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும், அடியில் கிடந்த தெலுங்கு எழுந்து வரும். முழுக்க அமுங்காவிட்டால் செட்டின் ஒரு முனையை மட்டும் சற்றே தூக்கிச் சாய்த்துப் பாருங்கள், கீழே ஒரு தீப்பெட்டி கொடுத்தால் நிற்கும்.

இதில் கை பழகியவர்களுக்கு 684 வைத்திருக்கிறேன். கோழிக்கோடும் அந்தமானின் போர்ட் பிளேரும் ஒரே எண். சென்னைக்காரர்களுக்குச் சிரமம் குறைவு, அங்கிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கோட்டில் விழாது, கோழிக்கோட்டை அமுக்கினாலும் போர்ட் பிளேர் மிஞ்சும். நாகையிலிருந்து ஒன்று நேர் மேற்கு, மற்றொன்று நேர் கிழக்கு. ராட் முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் பார்க்காது, ஒன்றை அமுக்கினால் இன்னொன்றும் சேர்ந்து போய்விடும். ஒரு சீசன் முழுக்க ரேடியோவைச் சுற்றிச் சுற்றிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அப்புறம்தான் உறைத்தது, திருப்ப வேண்டியது கடிகாரத்தை. ஜனவரியில் போர்ட் பிளேரில் மாலை 5.10 வாக்கில் சூரியன் மறைந்துவிடும், நமக்கு 6 மணி ஆகும், கோழிக்கோட்டுக்கு அதற்கும் கால் மணி நேரம் பின்னால். ஆக 5.30-இலிருந்து 6 தாண்டும்வரை கடலுக்கு மேலே வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, கேரளப் பக்கம் இன்னும் வெயில். அந்த அரை மணியில் 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊர் எழும்பி வரும், 440 கிலோமீட்டரில் இருக்கும் ஊர் அடங்கிக் கிடக்கும். எந்த எண்ணுக்கும் இந்தக் கணக்குச் செல்லும்: சாயங்காலம் கிழக்கே இருப்பவை முந்தி வரும், விடியற்காலை மேற்கே இருப்பவை கடைசியாகப் போகும்.

இன்னும் தூரம் வேண்டுமென்றால் லூப், அதாவது வயர் சுற்றிய ஆன்டெனா, கட்டலாம். ஒன்றரை அடிப் பக்கமுள்ள சதுர மரச் சட்டத்தில் இன்சுலேஷன் உள்ள சாதாரண வயரை 14 சுற்று, சுற்றுக்குச் சுற்று அரை சென்டிமீட்டர் விட்டுச் சுற்றி, இரண்டு முனையையும் பழைய வால்வு ரேடியோவின் 365 பிக்கோஃபாரட் கேங்கில் (நிலையம் மாற்றும்போது உள்ளே சுழலும் கெப்பாசிட்டர்) சேர்த்தால் முடிந்தது. பழைய ரேடியோ ரிப்பேர் கடைகளில் கேங் என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். 531 பக்கம் எட்டவில்லை என்றால் ஒன்றிரண்டு சுற்றுக் கூட்டுங்கள், 1602 பக்கம் எட்டவில்லை என்றால் ஒன்றைக் குறையுங்கள். ரேடியோவுக்கும் லூப்புக்கும் வயர் எதுவும் கிடையாது, பக்கத்தில் வைத்து, ராட் லூப்பின் நடுவைக் குத்திக்கொண்டு போகிற மாதிரி நிறுத்தி, கேங்கைத் திருப்புங்கள். ஓர் இடத்தில் நிலையம் குபுக்கென்று மேலே வரும். முதல் முறை பார்க்கிறவர் கட்டாயம் சிரிப்பார்.

எதைத் தேடலாம்? பெங்களூரு 612, ஹைதராபாத் 738, விஜயவாடா 837, ஆலப்புழை 576, திருச்சூர் 630, மும்பை 1044, இவையெல்லாம் லூப் இல்லாமலே இரவில் வரக்கூடியவை. அடுத்த படி 1000 கிலோவாட் யானைகள்: வங்காளத்தில் சின்சுரா 594, குஜராத்தில் ராஜ்கோட் 1071, எல்லை தாண்டி டாக்கா 693. நாகையிலிருந்து 1,600 முதல் 1,800 கிலோமீட்டர். மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை அங்கங்கே மூடிக்கொண்டும் வருகிறார்கள், அதனால் ஓர் எண்ணில் நாலு ராத்திரி ஒன்றும் இல்லையென்றால் உங்கள் கையைச் சந்தேகப்படாதீர்கள். ஏதாவது ஓர் எண்ணில் ஏற்ற இறக்கமே இல்லாமல், அருவி விழுவதுபோல ஸ்ஸ்ஸ் என்று மட்டும் கேட்டால் அது சாதாரண செட்டுக்குப் புரியாத டிஆர்எம் என்னும் டிஜிட்டல் ஒலிபரப்பு, செட் பழுது இல்லை.

மொழியை மட்டும் வைத்து ஊரைச் சொல்லிவிடாதீர்கள். டெல்லிச் செய்தியை எத்தனையோ நிலையங்கள் ஒரே நேரத்தில் அஞ்சல் செய்கின்றன. இந்திச் செய்தி கேட்டதுமே போர்ட் பிளேர் என்று நான் நோட்டில் எழுதி வைத்து ஒரு மாதம் பெருமைப்பட்டேன், ஒருநாள் செய்தி முடிந்ததும் அதே அலைவரிசையில் ஓர் அம்மா அழகான மலையாளத்தில் அறிவிப்புத் தொடங்கினார். விடியற்காலை நிலையம் திறக்கும்போது வரும் ஆகாசவாணியின் அடையாள இசையும் எல்லா ஊருக்கும் ஒன்றுதான், ஊர்ப்பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டும். போர்ட் பிளேர் தேடுகிறவர்கள் இன்னொன்றும் நினைவில் வையுங்கள், 2024-இல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், காது இரண்டு பெயருக்கும் தயாராக இருக்கட்டும்.

மழைக்காலத்தில் இடி மின்னல் ஒவ்வொன்றும் பட் பட்டென்று காதில் விழும், மாடியில் உட்காருவதும் ஆபத்து. வடகிழக்குப் பருவம் ஓய்ந்தபின் ஜனவரி, பிப்ரவரிதான் நம் சீசன். நோட்டில் தேதி, நேரம், எண், கேட்ட விஷயம், எந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்பதைக் கேட்டவுடனே எழுதுங்கள். நிலையத்துக்கு அறிக்கை அனுப்பிக் க்யூஎஸ்எல் அட்டை (நீங்கள் கேட்டது உண்மைதான் என்று நிலையம் அனுப்பும் அட்டை) வாங்க ஆசையிருந்தால், "நன்றாகக் கேட்டது" என்று எழுதிப் பயனில்லை. இத்தனை மணிக்கு இந்தப் பாட்டு, இத்தனை மணிக்கு இந்த விளம்பரம், நடுவில் ஒரு நிமிஷம் ஒலி நின்றுபோனது என்று, கேட்காதவர் எழுத முடியாததை எழுதுங்கள். நேரத்தை உலக நேரத்திலும் போடுங்கள், நம் கடிகாரத்தில் ஐந்தரை மணி கழித்தால் வரும்.

என் போர்ட் பிளேர் அறிக்கையில் 5.52 முதல் 6.04 வரை பன்னிரண்டு நிமிஷத்துக்குத்தான் விவரம் இருந்தது. அதன்பின் கோழிக்கோடு வந்துவிட்டது.