நந்தி மலை மூடுபனியும் நனைஞ்ச கேமரா பையும்: புதுசா லேண்ட்ஸ்கேப் எடுக்கறவங்க பண்ற தப்புகள்

போன ஞாயித்துக்கிழமை விடியக்காலைல பெங்களூரு பக்கத்து நந்தி மலையில நின்னுட்டிருந்தேன். பக்கத்துல மூணு பசங்க, மடிவாளால ரூம் எடுத்து தங்கியிருக்காங்களாம், பேச்சு சேலம் பக்கத்து பேச்சு. புது கேமரா, ஸ்ட்ராப்ல டப்பாவுல மடிச்ச மடிப்பு கூட இன்னும் போகல. ரெண்டு மணி நேரம் பனிக்குள்ளயே ஷூட் பண்ணாங்க, லென்ஸ் பீப்பாய் பூரா முத்து முத்தா தண்ணி நிக்குது, அப்படியே மூடியை அமுக்கி பைக்குள்ள தள்ளி ஜிப்பை இழுத்துட்டாங்க. எனக்கு பகீர்னு ஆச்சு. "தம்பி, தொடச்சிட்டு வைப்பா"ன்னேன். "ரூமுக்கு போய் பாத்துக்கறேன்ணா"ன்னான். இதே பதிலை ஒரு காலத்துல நானும் சொல்லியிருக்கேன், அது எனக்கு எவ்ளோ செலவு வெச்சுதுன்னு கீழ சொல்றேன்.

பேட்டரி சார்ஜ் போடுங்க, எக்ஸ்ட்ரா கார்டு வெச்சுக்கங்க, ட்ரைபாட் எடுத்துட்டு போங்கன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. அதையெல்லாம் விட்டுடறேன்.

லீவு பாத்து கிளம்பறது

சனி ஞாயிறு வந்தா நந்தி மலை, அவ்ளோதான் பெங்களூருல பாதி பேரோட பிளான். மூடுபனிக்கு லீவு நாளெல்லாம் தெரியாது. முந்தின நாள் மழை பெய்ஞ்சு தரை ஈரமா இருக்கணும், ராத்திரி வானம் தெளியணும், காத்து அடங்கியிருக்கணும். அப்போதான் தரை தன்னோட சூட்டை மேல விட்டுட்டு குளுந்து போய், அதை ஒட்டியிருக்கற ஈரக்காத்து பனியா நிக்கும். வெதர் ஆப்ல டெம்பரேச்சர் பக்கத்துலயே ட்யூ பாயின்ட்னு ஒன்னு போட்டிருப்பான், காத்துல இருக்கற ஈரம் எந்த டிகிரில தண்ணியா மாறும்ங்கற கணக்கு அது, விடியக்காலைக்கு ரெண்டும் ஒன்னு ரெண்டு டிகிரி வித்தியாசத்துல இருந்து காத்தும் இல்லேன்னா அலாரம் வைங்க, இல்லேன்னா தூங்குங்க.

இன்னொன்னு, பெங்களூரு கிட்டத்தட்ட 920 மீட்டர் உயரம், நந்தி மலை 1,478. ஐப்பசி மழை நாள்ல மேல போனா நீங்க நிக்கறது பெரும்பாலும் மேகத்துக்குள்ள, பத்தடி தள்ளி இருக்கற மரம் கூட தெரியாது. கார்த்திகை கடைசி மார்கழில வானம் தெளிஞ்சப்புறம் தான் பள்ளத்துல பனி தேங்கி நிக்கறதை மேலேர்ந்து பாக்க முடியும். ரெண்டும் வேற வேற படம். முன்னது கிடைச்சா ஏமாந்துட்டோம்னு இறங்கி வராதீங்க, பாறை இடுக்குல நிக்கற ஒத்தை மரம், படிக்கட்டு, பாசி புடிச்ச செவுருன்னு கிட்டத்துல தேடுங்க. அடிவாரத்துல டீ போடற ஒரு அம்மா இருக்காங்க, வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பாத்துட்டு "இவத்து மஞ்சு பரல்ல"ன்னு சொன்னாங்கன்னா அன்னிக்கு பனி வராது. அஞ்சு வருஷமா அவங்க சொல்லி தப்பினதை நான் பாக்கல.

பனியை சாம்பலாக்கறது

கேமரா உள்ள வெளிச்சத்தை அளக்கற மீட்டருக்கு வெள்ளைன்னா என்னன்னு தெரியாது. எதை காட்டினாலும் அதை நடுத்தர சாம்பலா கொண்டு வரத்தான் பாக்கும். அதனால பனியை ஆட்டோல எடுத்தா அழுக்குத்தண்ணி மாதிரி வரும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப்லேர்ந்து ஒரு ஸ்டாப் வரைக்கும் ஏத்துங்க (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு), படத்தோட வெளிச்சத்தை காட்டற ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது பக்கம் முட்டாம பாத்துக்கங்க. ஃபோகஸ் பனியில அலையும், பிடிமானமே கிடைக்காது, மரத்தோட விளிம்புல வைங்க இல்ல மேனுவல்ல ஸ்க்ரீனை பெருசாக்கி பாத்து வைங்க. வீட்டுக்கு வந்து எடிட்டிங்ல மங்கலை நீக்கற டிஹேஸ் ஸ்லைடரை கடைசி வரைக்கும் இழுக்கறவங்க கிட்ட ஒன்னே ஒன்னு கேக்கறேன்: பனியை தேடி நாலு மணிக்கு எந்திரிச்சு போயிட்டு அதை ஏன் அழிக்கறீங்க?

ஓடையை பாலாக்கறது

லென்ஸுக்குள்ள வர்ற வெளிச்சத்தை குறைக்கற கருப்புக்கண்ணாடி, என்டி ஃபில்டர், அதை வாங்கின மறுநாளே எல்லா ஓடைக்கும் ஷட்டரை முப்பது செகண்ட் திறந்து வைக்கறாங்க. பெரிய நீர்வீழ்ச்சிக்கு அது ஒரு அழகுன்னே வெச்சுப்போம், நம்ம பக்கத்து சின்ன ஓடைங்க அவ்ளோ நேரம் தாங்காது, கல்லு மேல மாவு கரைச்சு ஊத்தின மாதிரி ஆயிடும். கால் செகண்ட்லேர்ந்து ஒரு செகண்டுக்குள்ள வைங்க, தண்ணி எங்க திரும்புது எங்க சுழியுதுங்கற கோடு நிக்கும்.

என்டியை விட முதல்ல வாங்க வேண்டியது போலரைசர்ங்கற திருகற ஃபில்டர். ஈரப்பாறை, ஈர இலை மேல இருக்கற வெள்ளை பளபளப்பை எடுத்துட்டு உள்ள இருக்கற நிறத்தை காட்டும், ஒன்றரை ரெண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் குடிச்சுக்கும், அதனால நிழலான ஓடைல என்டியே தேவைப்படாது. ஆனா முழுசா திருகிடாதீங்க. கொஞ்சம் மினுமினுப்பு மிச்சம் இருந்தாத்தான் அது ஈரம்னு கண்ணுக்கு தெரியும்.

ஈரப்பையை மூடி வைக்கறது

இதுக்குத்தான் நான் எழுதவே உக்காந்தேன்.

2015, சென்னைல வெள்ளம் வந்த அந்த மழைக்காலம். பெங்களூருலயும் மழை விடல. ஆனேக்கல் தாண்டி முத்தியாலமடுவு இருக்கில்ல, தண்ணி பாறைலேர்ந்து முத்து முத்தா சிதறுதுன்னு அந்த பேரு, மழை இருந்தாத்தான் அங்க தண்ணியும் இருக்கும், அதனால நல்ல மழையா பாத்து போனேன். கைல 24-105 ஜூம் லென்ஸ், பதினாலு மாசம் இஎம்ஐல வாங்கினது, இன்னும் ஆறு தவணை பாக்கி. அருவி சாரல்லயே மூணு மணி நேரம். திரும்பி அல்சூர் வீட்டுக்கு வந்தப்ப உடம்பு அசதி, பையை அப்படியே பீரோவோட அடித்தட்டுல வெச்சுட்டேன். கிரவுண்ட் ஃப்ளோர் வீடு, மழைக்கு செவுரு ஓதம் அடிக்கும். அப்புறம் திருப்பத்தூர்ல தங்கச்சி கல்யாண வேலை. கேமராவை தொட ஒரு மாசத்துக்கு மேல ஆயிடுச்சு.

மார்கழில எடுத்து வெளிச்சத்துக்கு எதிரா ஒரு படம் எடுத்தேன். படம் பூரா பால் ஊத்தின மாதிரி மங்கல். முன்கண்ணாடியை தொடச்சேன், பின்கண்ணாடியை தொடச்சேன், போகல. அப்புறம் லென்ஸை கழட்டி பின்பக்கத்துலேர்ந்து ஃபோன் டார்ச்சை சாய்வா அடிச்சு பாத்தேன். உள்ள மூணாவதோ நாலாவதோ கண்ணாடில, ஓரத்துலேர்ந்து நடுவை பாத்து மெல்லிசா வெள்ளை நூல், ஒவ்வொரு நூலும் ரெண்டா மூணா பிரிஞ்சு பிரிஞ்சு, பழைய செவுத்துல அரசமர வேர் ஓடுமே அந்த மாதிரி. ஃபங்கஸ். முதல் தடவை பாக்கறப்ப தூசின்னு தான் நினைச்சேன், ஊதினேன் கூட.

சர்வீஸ்ல குடுத்து பிரிச்சு கிளீன் பண்ண 9,500 ரூபாய். நூல் போச்சு, தடம் போகல. ஏன்னா ஃபங்கஸ் சும்மா கண்ணாடி மேல உக்காந்திருக்காது, அமிலம் மாதிரி ஒன்னை விட்டு கண்ணாடி மேல பூசியிருக்கற கோட்டிங்கை அரிக்கும், அரிச்சது அரிச்சது தான். அந்த கண்ணாடியை மாத்த லென்ஸ் விலைல பாதி சொன்னாங்க. கடைசில வாங்கின விலைல மூணுல ஒரு பங்குக்கு வித்தேன், வித்ததுக்கு அப்புறமும் ரெண்டு மாசம் இஎம்ஐ கட்டினேன்.

இன்னிக்கும் எனக்கு ஆத்தாமை எதுல தெரியுமா? வாங்கின கடைல யூவி ஃபில்டர் தலைல கட்டினாங்க, ஸ்க்ரீன் கார்டு ஒட்டினாங்க, "வாட்டர்ப்ரூஃப் பை சார், எந்த மழைக்கும் பயமில்ல"ன்னு பையை குடுத்தாங்க. எங்க வெச்சு பாதுகாக்கணும்னு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. அந்த பை தான் வினையே. வெளித்தண்ணியை உள்ள விடாத துணி உள்ளத்தண்ணியையும் வெளிய விடாது, உள்ள இருக்கற ஸ்பாஞ்சு ஒரு தடவை ஈரத்தை குடிச்சா வாரக்கணக்கா வெச்சிருக்கும். இருட்டு, ஈரம், அசையாத காத்து, லென்ஸ்ல ஒட்டியிருக்கற கொஞ்சம் தூசு, ஃபங்கஸுக்கு வேற என்ன வேணும்? விதை காத்துலயே இருக்கு. ஜூம் லென்ஸ்ல இன்னும் மோசம், நீட்டி மடக்கும்போதெல்லாம் பம்பு மாதிரி வெளிக்காத்தை உள்ள இழுக்கும், பனிக்குள்ள நின்னு நூறு தடவை ஜூம் பண்ணா அவ்ளோ ஈரக்காத்தும் உள்ள போயிருக்கும்னு அர்த்தம். தண்ணி தூசு புகாம அடைச்ச வெதர் சீல்டு லென்ஸ் தானேன்னு சொல்லாதீங்க, என்னோடதும் அதே தான்.

இப்போ நான் பண்றது இது. ஷூட் முடிஞ்சதும் நல்ல துணியால வெளிப்பக்கத்தை ஒத்தி எடுக்கறேன், தேய்க்கறதில்ல. நாலு பேர் மூச்சு விட்டுட்டிருக்கற கார்ல ஏறறதுக்கு முன்னாடியே மெமரி கார்டை உருவிட்டு, கேமராவை ஜிப் கவர்ல போட்டு காத்தை அமுக்கி எடுத்து மூடிடறேன். வெளிய குளுந்து போயிருக்கற கண்ணாடி மேல கார் உள்ள இருக்கற சூடான ஈரக்காத்து பட்டா உடனே வேர்க்கும், கவர் இருந்தா அந்த வேர்வை கவர் மேல நிக்கும். வீட்டுக்கு வந்தும் ஒரு மணி நேரம் கவரை பிரிக்கறதில்ல. கார்டு கைல இருக்கறதால படத்தை பாக்கற அவசரமும் இருக்காது. அப்புறம் மூடியெல்லாம் கழட்டி ஃபேனுக்கு கீழ ராத்திரி வரைக்கும் வெச்சுடறேன். பையை காலி பண்ணி தலைகீழா வெயில்ல போடறேன், பையை மட்டும். லென்ஸை வெயில்ல வைக்காதீங்க, சின்ன வயசுல பூதக்கண்ணாடியை வெச்சு காகிதத்தை எரிச்சிருப்பீங்கல்ல, அதே வேலையை அது உள்ளயே பண்ணும்.

தினசரி இருக்கற இடம் பை கிடையாது. காசு இருந்தா ஈரத்தை தானே குறைச்சு வெச்சிருக்கற அலமாரி, ட்ரை கேபினெட். இல்லேன்னா பாத்திரக்கடைல கிடைக்கற காத்து புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, உள்ள ஈரத்தை உறிஞ்சற ஆரஞ்சு சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டற ஒரு குட்டி மீட்டர். 40லேர்ந்து 50 சதவீதத்துக்குள்ள நிக்கணும், 60ஐ தாண்டி விடக்கூடாது. ஜெல் பச்சையா மாறினா ஈரம் குடிச்சு நெறஞ்சிடுச்சுன்னு அர்த்தம், சூடு காட்டி காய வெச்சா திரும்ப ஆரஞ்சாயிடும். அரிசி டப்பாவுல போட்டு வைக்க சொல்றவங்க பேச்சை கேக்காதீங்க, அரிசில இருக்கற மாவுத்தூசு லென்ஸ் இடுக்குல போகும்.

மாசம் ஒரு தடவை அந்த டார்ச் சோதனையை பண்ணுங்க, ஐப்பசி கார்த்திகைல பத்து நாளைக்கு ஒரு தடவை. ஒரு நூல் தெரிஞ்சாலும் அன்னிக்கே தனியா எடுத்து வெச்சுட்டு சர்வீஸுக்கு கொண்டு போங்க, ஆரம்பத்துலயே பாத்தா கோட்டிங் தப்பிக்க வாய்ப்பு உண்டு. செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்கறப்பவும் காசு குடுக்கறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு பாத்துடுங்க.

டீ-ஷர்ட்டால லென்ஸ் தொடைக்கறது

வேணாம்.

ஹெசரகட்டா புல்வெளிக்குள்ள காரை ஓட்டறது

தரையில கூடு கட்டற பறவைங்க இருக்கு. எறங்கி நடங்க.

பச்சையை ஆரஞ்சாக்கறது

வெளிநாட்டு படத்தை பாத்துட்டு இலையெல்லாம் செவப்பா வேணும்னு ஸ்லைடரை தள்றாங்க. நம்ம பக்கம் மரங்க இலை கொட்டறது பெரும்பாலும் மழையெல்லாம் ஓஞ்சு மாசி பங்குனில. ஐப்பசி கார்த்திகைன்னா இங்க பாசிப்பச்சை, கருத்த பாறை, சாம்பல் வானம், முத்துற புல்லோட வெளிர் மஞ்சள். துரஹள்ளி காட்டுல மழை விட்ட மறுநாள் காலைல போய் நில்லுங்க, ஒரே பச்சைல எத்தனை பச்சை இருக்குன்னு தெரியும். அதை கொண்டு வர, கேமரால நிறத்தை சரிகட்டற ஒயிட் பேலன்ஸை டேலைட்ல பூட்டினாலே போதும், ஆட்டோல விட்டா அந்த விடியக்காலை நீலத்தை கேமரா தின்னுடும்.

ஊர் ஊரா ஓடறது

இந்த வாரம் சக்லேஷ்பூர், அடுத்த வாரம் குடகு, அதுக்கப்புறம் ஊட்டி. எல்லா இடத்துலயும் முதல் நாள் படம் மட்டும் தான் கிடைக்கும். நான் நாலு வருஷமா அர்க்காவதி ஆத்தை புடிச்சுட்டிருக்கேன். நந்தி மலைல பொறந்து, 1894ல பெங்களூரு குடிநீருக்காக கட்டின ஹெசரகட்டா ஏரி வழியா வந்து, மஞ்சனபெலே அணை தாண்டி, சங்கமத்துல காவேரியோட சேருது. ஹெசரகட்டா கரைல ஒரு வேல மரம் இருக்கு, அதுக்கு பின்னாடி பனி எந்த பக்கத்துலேர்ந்து நகரும்னு எனக்கு இப்போ தெரியும், அது தெரிய பதினெட்டு தடவை போக வேண்டியிருந்துச்சு. பத்தொம்பதாவது தடவை தான் படம் வந்துச்சு.

ஓடை நடுவுல நிக்கறது

நீங்க நிக்கற இடத்துல மழை இல்லாம இருக்கலாம், மேல பெய்ஞ்சிருக்கும். சங்கமம், மேகேதாட்டு பக்கம் போறவங்க இதை கண்டிப்பா மனசுல வைங்க, அங்க தண்ணி அடிச்சுட்டு போனவங்க கொஞ்ச பேர் இல்ல. தெளிவா ஓடிட்டிருந்த தண்ணி திடீர்னு செம்மண் கலர்ல கலங்கினா, சருகும் குச்சியும் மிதந்து வர ஆரம்பிச்சா, எக்ஸ்போஷர் ஓடிட்டிருந்தாலும் பரவால்ல, கேமராவை தூக்கிட்டு கரையேறுங்க. தூக்க நேரம் இல்லேன்னா ட்ரைபாட் அங்கயே இருக்கட்டும்.